பழைய பெயர், புதுப் பொலிவு: நாற்பதாயிரம் ரூபாய்க்குள் ஒரு கடையைத் துலக்குவது

திண்டுக்கல்லில் 1957-ஆம் ஆண்டு நாகசாமி நாயுடு தொடங்கிய பிரியாணிக் கடையின் பெயர் ஆனந்த விலாஸ். அவர் தலையில் எந்நேரமும் தலைப்பாகை இருக்கும். அதனால் ஊர் ஜனங்கள் அதைத் தலப்பாக்கட்டி கடை என்றார்கள்; ஆனந்த விலாஸ் பலகையோடு நின்றுபோனது. பின்னால் வந்த தலைமுறை ஜனங்கள் அழைத்த பெயரையே பலகையில் ஏற்றியது. வேறு யாரும் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நீதிமன்றம் வரை போனது. திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கும் அல்வாக் கடைக்குப் பெயர்ப்பலகையே கிடையாது. மங்கிய வெளிச்சத்தில் விற்றார்கள், ஜனங்கள் இருட்டுக்கடை என்றார்கள், அதுவே நிலைத்தது.

இந்த இரண்டையும் முதலில் சொல்லக் காரணம் உண்டு. கடையைப் புதுப்பிக்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் போய் நிற்கும் இடம் டிசைன் போட்டுத் தரும் கடை. ஒரு வட்டம், அதற்குள் ஒரு இலை, கீழே தொடங்கிய வருடம் என்று எதையோ வாங்கிக்கொண்டு வருவார்கள். கைக்காசு குறைவாக இருப்பவர்களுக்கு அந்த வரிசை ஆகாது. உங்கள் கடையை ஜனங்கள் எதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்களோ அதைத் தொடாமல், அதன்மேல் படிந்த அழுக்கை மட்டும் எடுப்பதுதான் சின்னத் தொகையில் செய்யக்கூடிய வேலை. லோகோ கடைசியில் வரட்டும். சில கடைகளுக்கு அது தேவையே படாது.

வசதிக்காக ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். மாவட்டத் தலைநகர் ஒன்றில், பேருந்து நிலையத்துக்குப் பின் தெருவில், காபிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கும் கடை. அப்பா தொடங்கி முப்பது வருடம் ஆகிறது. இப்போது மகன் பார்க்கிறார். பழைய வாடிக்கைக்காரர்கள் வருகிறார்கள், புது ஆட்கள் வருவதில்லை. பலகையில் இருந்த சிவப்பு வெயிலில் வெளுத்து ரோஸ் ஆகிவிட்டது. சூப்பர் மார்க்கெட்டில் பளபளக்கும் பாக்கெட்டுகள் அடுக்கியிருக்கின்றன. மகனிடம் நாற்பதாயிரம் ரூபாய் இருக்கிறது. உங்களுடையது மாவு மில்லாகவோ தையல் கடையாகவோ பேன்சி ஸ்டோராகவோ இருக்கலாம். வேலையின் வரிசை அதேதான்.

முதலில் காது கொடுங்கள்

முதல் இரண்டு வாரத்துக்குச் செலவே கிடையாது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். பொட்டலம் கட்டும்போது வாடிக்கைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி: "இந்தப் பொடி எங்க வாங்குனீங்கன்னு பக்கத்து வீட்ல கேட்டா என்னன்னு சொல்வீங்க?" 

"பஸ் ஸ்டாண்டு பின்னாடி மெஷின் கடைன்னு சொல்வோம் தம்பி. அப்பா பேரச் சொன்னாலும் தெரியும்." 

"மஞ்சக் கவர் காபின்னுதான் எங்க வீட்ல சொல்வாங்க. அது இல்லாட்டி எங்க மாமியார் வேற பொடின்னு கண்டுபுடிச்சிருவாங்க." 

இப்படி ஐம்பது பேர் சொன்னதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் பெருமையாக நினைக்கும் விஷயம் ஒருவர் வாயிலும் வராமல் போகலாம். நீங்கள் கவனித்தே இராத ஒன்று இருபது பேர் வாயில் வரும். நம் கடையில் அது மஞ்சள் கவர். அச்சகத்தில் அன்றைக்கு அந்தத் தாள் மலிவாகக் கிடைத்தது என்று அப்பா எடுத்திருப்பார். முப்பது வருடத்தில் அதுவே கடையின் முகமாகிவிட்டது. "எம்பது இருபதா, அறுபது நாப்பதா?" என்று காபி-சிக்கரி விகிதத்தைப் பற்றி அப்பா கேட்கும் கேள்வியும், காலையில் கொட்டை வறுக்கும்போது தெருமுனை வரை வரும் வாசமும்கூட அந்தப் பட்டியலில் சேர வேண்டியவை.

இந்த நோட்டிலிருந்து ஒரு பக்கத்தில் 'தொடக் கூடாதவை' என்று எழுதுங்கள். எதை மாற்றுவது என்பதற்கு முன்னால் இந்தப் பக்கம் நிரம்ப வேண்டும். பெரிய கம்பெனிகளே இதில் சறுக்கியிருக்கின்றன. அமெரிக்காவில் டிராப்பிகானா ஆரஞ்சுச் சாறு 2009 தொடக்கத்தில் தன் அட்டைப்பெட்டியை மாற்றியது. ஆரஞ்சுப் பழத்தில் உறிஞ்சுகுழாய் செருகிய பழைய படத்தை எடுத்துவிட்டு ஒரு கண்ணாடி டம்ளரைப் போட்டார்கள். அலமாரியில் தங்கள் சாறு எங்கே என்று வாங்குகிறவர்களுக்குத் தெரியவில்லை. இரண்டு மாதத்துக்குள் விற்பனை ஏறக்குறைய 20 சதவீதம் விழுந்தது. பழைய பெட்டிக்கே திரும்பினார்கள். அடுத்த ஆண்டு கேப் என்ற துணிக்கடை நிறுவனம் லோகோவை மாற்றி, ஒரு வாரத்துக்குள் பழையதையே திரும்ப மாட்டியது. அவர்களிடம் இரண்டாவது முறை அச்சடிக்கப் பணம் இருந்தது. நம் கடைக்காரரிடம் இருப்பது ஒரே ஒரு நாற்பதாயிரம்.

ஒரே கடைக்கு எத்தனை பெயர்

அடுத்த வேலையும் இலவசம்தான். கடையின் பெயர் எங்கெங்கே தென்படுகிறதோ அத்தனையையும் கைபேசியில் படம் எடுங்கள். பலகை, கவர், பில் புத்தகம், ரப்பர் ஸ்டாம்பு, பணம் வாங்கும் கியூஆர் அட்டை, கூகுள் மேப், வாட்ஸாப், டெலிவரிக்குப் போகும் டிவிஎஸ் எக்ஸெல் வண்டியின் பெட்டி, கடையில் மாட்டியிருக்கும் காலண்டர். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். நம் கடையில் பலகையில் 'காபி ஒர்க்ஸ்', கவரில் 'காபி டிரேடர்ஸ்', பில்லில் 'அண்ட் கோ', மேப்பில் யாரோ ஒரு வாடிக்கைக்காரர் ஆங்கிலத்தில் தப்பும் தவறுமாகச் சேர்த்த பெயர். கைபேசி எண்களில் ஒன்று எப்போதோ போய்விட்ட சிம்முடையது.

சிறு கடைகளின் பிராண்டு பெரும்பாலும் பழசாகிப்போவதில்லை, இப்படிச் சிதறிப்போகிறது. ஒரே பெயர், ஒரே எழுத்துக்கூட்டு, ஒரே எண் என்று எல்லா இடத்திலும் ஆக்கிவிட்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி. முதலில் காசு கேட்காத இடங்களைச் சரிசெய்யுங்கள்.

கியூஆரில் தொடங்கலாம். வாடிக்கைக்காரர் ஸ்கேன் செய்ததும் திரையில் வருவது, பணம் போய்ச் சேரும் வங்கிக் கணக்கின் பெயர். மகனின் சேமிப்புக் கணக்கை இணைத்திருந்தால் மகன் பெயர்தான் வரும். "யாரோ ஒருத்தர் பேரு வருதே, சரிதானா?" என்று ஒவ்வொரு புது வாடிக்கைக்காரரும் தயங்கி நிமிர்ந்து பார்ப்பார். கடைப் பெயரில் நடப்புக் கணக்கு ஒன்று தொடங்கி அதை இணைத்தால் அந்தத் தயக்கம் போகும். ஜிஎஸ்டி சான்று, உணவுப் பாதுகாப்பு உரிமம், உத்யம் பதிவுச் சான்று போன்றவற்றைக் கடைப் பெயருக்கான ஆதாரமாக வங்கி கேட்கும். உத்யம் பதிவு அரசு இணையதளத்தில் இலவசம். பணம் கேட்கும் இடைத்தரகர் தளங்கள் நிறைய இருக்கின்றன, ஏமாறாதீர்கள். அந்தச் சான்று இன்னொரு இடத்திலும் காசை மிச்சப்படுத்தும். அதைப் பின்னால் பார்ப்போம்.

கூகுள் மேப்பில் உங்கள் கடையை நீங்களே உரிமை கோரி எடுத்துக்கொள்ளுங்கள். கடையை வீடியோ எடுத்துக் காட்டச் சொன்னால், தெரு, பலகை, உள்ளே மெஷின் என்று வரிசையாகக் காட்டுங்கள். திறக்கும் நேரம், மதிய இடைவேளை, ஞாயிறு விடுமுறை ஆகியவற்றைச் சரியாகப் போடுங்கள். பூட்டிய கடைக்கு ஒருவரை வரவழைப்பதைவிடக் கெட்ட விளம்பரம் இல்லை. ரிவியூ எழுதினால் ஐம்பது கிராம் இலவசம் என்று மட்டும் போர்டு வைக்காதீர்கள். அது கூகுளின் விதிக்கு எதிரானது; கண்டுபிடித்தால் ரிவியூக்களையே தூக்கிவிடுவார்கள்.

வாட்ஸாப் பிசினஸ் செயலியும் இலவசம். கடையின் லேண்ட்லைன் எண்ணிலேயே அதைத் தொடங்கலாம். சரிபார்ப்புக்கு அழைப்பு வரும்படி கேட்டால் போதும். முப்பது வருடமாக ஜனங்களுக்குப் பழகிய எண்ணை விட்டுவிடாமல் இருக்க இது நல்ல வழி. கேட்டலாக்கில் கடையில் விற்கும் நான்கு காபிக் கலவையையும் விலையோடு ஏற்றுங்கள். படம் எடுக்க ஸ்டூடியோ வேண்டாம். காலை வெளிச்சம் வரும் ஜன்னலோரம், கைபேசியின் லென்சைத் துடைத்துவிட்டு, பிளாஷ் இல்லாமல் எடுத்தால் நன்றாகவே வரும். போனை எடுப்பவர் "ஹலோ, யாரு?" என்று கேட்காமல் கடைப் பெயரைச் சொல்லி "வணக்கம்" சொல்லட்டும். இதற்கெல்லாம் காசில்லை, ஆனால் ஆளைப் பழக்க வேண்டும். அது பலகை மாட்டுவதைவிடக் கஷ்டம்.

பெயரை மாற்றலாமா?

வேண்டாம். பெயரை மாற்றினால் ஜிஎஸ்டி பதிவில் வணிகப் பெயர் திருத்தம், உணவு உரிமத்தில் திருத்தம், வங்கி, வாடகை ஒப்பந்தம், பில் புத்தகம் என்று வரிசையாக இழுக்கும். அதைவிட, முப்பது வருடம் சேர்த்த பெயரைத் தெருவில் கொட்டுவதாகும். பெயர் யாருக்கும் வாயில் நுழையவில்லை என்றாலோ, அதே ஊரில் இன்னொருவர் அதே பெயரில் நடத்துகிறார் என்றாலோ மட்டும் யோசியுங்கள். அப்போதும் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்காமல், உங்கள் நோட்டில் அதிகம் பேர் சொன்ன பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கடைக்காரர் பழைய பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, கீழே 'மஞ்சள் கவர் காபி' என்று சேர்த்தால் போதும்.

இருக்கும் பெயரை டிரேட் மார்க்காகப் பதிவு செய்வதற்கு இந்த நாற்பதாயிரத்தில் இடம் ஒதுக்கியே ஆக வேண்டும் என்பது என் கட்சி. தனிநபர், ஸ்டார்ட்டப், சிறுதொழில் என்றால் இணையத்தில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. சிறுதொழில் என்று காட்டத்தான் அந்த உத்யம் சான்று. காபிப் பொடி 30-ஆம் வகுப்பு; மசாலாப் பொடி, மாவு வகைகளும் அதில்தான். ஊறுகாயும் சமையல் எண்ணெயும் 29. உணவகம் நடத்துபவர்களுக்கு 43. விண்ணப்பிக்கும் முன் பதிவகத்தின் இணையதளத்தில் அதே பெயரோ அதே உச்சரிப்பில் வரும் பெயரோ ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள். தேடக் கட்டணம் இல்லை. பதிவு ஆக மாதக்கணக்கில் ஆகும். இடையில் பதிவகத்தின் இதழில் வெளியிட்டு, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று நான்கு மாதம் காத்திருப்பார்கள். கிடைத்தால் பத்து வருடத்துக்கு உங்களுடையது, பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டுக்கான பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.

விண்ணப்பம் போட்டதும் பெயருக்குப் பக்கத்தில் டிஎம் என்று போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ஆர் எழுத்துப் போடுவது பதிவு முடிந்த பிறகுதான். பதிவாகாமலே அதைப் போடுவது 1999-ஆம் ஆண்டு டிரேட் மார்க் சட்டத்தின் 107-ஆம் பிரிவின்படி குற்றம். டிசைன் போடும் பையன் அழகாக இருக்கிறதே என்று தானாகச் சேர்த்துவிடுவான், கவனமாகப் பாருங்கள்.

எழுத்தும் நிறமும்

இனிமேல்தான் டிசைனரிடம் போகிறோம். கையில் பழைய கவர் ஒன்று, நோட்டுப் பக்கம் ஒன்று. "ஏதாவது மாடர்னா பண்ணிக் குடுங்க" என்று சொன்னால் மாடர்னாக ஏதோ ஒன்று வரும். "பெயர் இதுதான், மஞ்சள் மாறக் கூடாது, எழுத்தை மட்டும் தெளிவாக்க வேண்டும், ஒரே மையில் அச்சாக வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தால் வேலை பாதியாகும், கூலியும் குறையும்.

தமிழ் எழுத்துருவுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. கூகுள் பான்ட்ஸில் முக்தா மலர், கட்டமரன், ஹிந்த் மதுரை, பாலூ தம்பி, பவனம், கவிவனார், அனெக் தமிழ், நோட்டோ செரிப் தமிழ் என்று நல்ல யூனிகோட் எழுத்துருக்கள் இருக்கின்றன. திறந்த உரிமத்தில் வருவதால் வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். பாலூ தம்பி தடித்து உருண்டு இருக்கும். மிட்டாய்க் கடை, பலகாரக் கடைக்குப் பொருந்தும். கவிவனார் கையெழுத்துச் சாயல் கொண்டது. பெயருக்கு அழகு, ஆனால் சின்ன எழுத்தில் பொருள் விவரம் எழுத உதவாது. நம் காபிக் கடைக்கு நான் முக்தா மலரின் தடித்த வடிவத்தை எடுப்பேன். வெயிலிலும் மங்கிய விளக்கிலும் படிக்க முடிகிற எழுத்து அது.

பல டிடிபி கடைகளில் இன்னும் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்களில்தான் வேலை ஓடுகிறது. அது தவறில்லை. ஆனால் யூனிகோடில் நீங்கள் வாட்ஸாப்பில் அனுப்பியதை மாற்றி ஒட்டும்போது புள்ளி காணாமல் போகும், கொம்பு இடம் மாறும், ஜ, ஷ, ஸ்ரீ எல்லாம் கட்டம் கட்டமாக வரும். தமிழ் எழுத்தில் மேலே விசிறி, கீழே சுழி என்று இரண்டு பக்கமும் நீட்டல் உண்டு. வரிகளை நெருக்கினால் 'கீ'யின் தலையும் மேல்வரி 'கு'வின் காலும் முட்டிக்கொள்ளும். மை உறிஞ்சும் தாளில் எழுத்து கொஞ்சம் படரும், அப்போது சின்ன 'ண', 'ஞ' சுழிகள் அடைத்துக் கறுப்புப் பொட்டாகிவிடும். ஆகவே திரையில் பார்த்து ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் கவர் அளவிலேயே, உங்கள் தாளிலேயே ஒரு பிரதி எடுத்துத் தரச் சொல்லிக் கையில் பிடித்துப் பாருங்கள்.

நிறத்துக்கு ஒரே சட்டம்: மஞ்சள் தாள், அடர் பழுப்பு மை. ஒரே மையில் அச்சடித்தால் செலவு குறையும். ரப்பர் ஸ்டாம்பிலும், துணிப்பையிலும், வண்டிப் பெட்டியிலும் அதே உருவம் சேதமில்லாமல் வரும். கைபேசித் திரையில் தெரியும் மஞ்சளும் அச்சில் வரும் மஞ்சளும் ஒன்றாக இருக்காது. பழைய கவரையே அச்சகத்துக்குக் கொண்டுபோய், "இந்த மஞ்சள்" என்று காட்டுவதுதான் பிழையில்லாத வழி.

கூலி கொடுக்கும் முன் மூன்று பைல் கேளுங்கள்: திருத்தக்கூடிய மூல பைல், எழுத்தையெல்லாம் கோடாக மாற்றிய பிடிஎப், பின்னணி இல்லாத பிஎன்ஜி படம். வாட்ஸாப்பில் வந்த ஜேபெக் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த வருடம் பலகைக்குப் போனால் எழுத்தெல்லாம் படிக்கட்டு படிக்கட்டாக இருக்கும். டிசைனர் ஊர் மாறிப் போயிருப்பார். மறுபடி முதலிலிருந்து கூலி.

லேபிள்: கவனத்தை இங்கே வையுங்கள்

பலகையைத் தெருவில் போகிறவர் ஒரு நொடி பார்ப்பார். காபிப் பொட்டலம் ஒரு மாதம் அடுப்படியில் உட்கார்ந்திருக்கும். விருந்தாளி வந்தால் அவர் கண்ணிலும் படும். அதனால் சின்ன பட்ஜெட்டில் கவனம் முழுதும் லேபிளுக்குத்தான்.

முதலில் சட்டம். வாடிக்கைக்காரர் கண்முன்னே எடைபோட்டுக் கட்டிக் கொடுக்கும் பொட்டலம் வேறு; முன்கூட்டியே கால் கிலோ, அரைக் கிலோவாகக் கட்டி அடுக்குவதும் மளிகைக் கடைகளுக்குப் போடுவதும் வேறு. இரண்டாவதற்கு எடையளவுச் சட்டத்தின் 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகள் பொருந்தும். தயாரிப்பாளர் பெயர், முழு முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, தயாரித்த அல்லது கட்டிய தேதி, எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்கான எண்ணும் மின்னஞ்சலும் வேண்டும். உணவுப் பொருள் என்பதால் 14 இலக்க உரிம எண், பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், உள்ளடக்கம், பொருளைப் பொறுத்து ஊட்டச்சத்து விவரம், பேட்ச் எண், எதற்குள் பயன்படுத்த வேண்டும் என்பதும் சேரும். விலை ஏறியது என்று பழைய விலைமேல் ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. விலையைக் குறைப்பதற்கு ஒட்டலாம், அதுவும் பழைய விலையை மறைக்காமல். முழுப் பட்டியலையும் உங்கள் வட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் ஒருமுறை காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அச்சடித்த பிறகு அவர் சுட்டிக்காட்டினால் நஷ்டம் உங்களுக்கு.

காபிக்கு இன்னொரு விதி இருக்கிறது. சிக்கரி கலந்தால் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று லேபிளில் எழுத வேண்டும்; காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பெரும்பாலானவர்கள் இதை வேண்டாவெறுப்பாகப் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டு ஒளிப்பார்கள். நம் கடைக்காரர் இதையே முன்பக்கத்துக்குக் கொண்டுவரலாம். அப்பா முப்பது வருடமாகக் கேட்ட கேள்விதானே அது? மஞ்சள் லேபிளின் நடுவில் பெரிதாக 80-20. இன்னொன்றில் 70-30. அடுத்ததில் 60-40. சிக்கரியே இல்லாததில் 100 மட்டும். மேலே கடைப் பெயர் சின்னதாக, கீழே 'காபி 80 சதவீதம், சிக்கரி 20 சதவீதம்' என்று தெளிவாக. சூப்பர் மார்க்கெட் பாக்கெட்டுகளின் நடுவில் அந்த எண் தூரத்திலிருந்தே தெரியும். வீட்டில் பையனைக் கடைக்கு அனுப்பும் அம்மா, "எம்பது இருபது வாங்கிட்டு வா" என்று சொன்னால் போதும். சட்டம் கட்டாயமாக்கிய வரியே கடையின் சின்னமாகிவிட்டது. இதற்குமேல் லோகோ எதற்கு?

உங்கள் தொழிலிலும் இப்படி ஒன்று ஒளிந்திருக்கும். செக்கு எண்ணெய்க் கடைக்கு ஆட்டிய தேதி, தையல் கடைக்குத் துணி தரும் நாள், பேக்கரிக்கு அடுப்பிலிருந்து எடுத்த நேரம். எல்லாரும் மூலையில் கிறுக்கும் தகவலை நீங்கள் நடுவில் போட்டுப் பாருங்கள்.

அச்சுக்கு வருவோம். பளபள பவுச்சிலேயே நேரடியாக அச்சடிக்க ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் வெட்ட வேண்டும். அந்தச் செலவு எடுபடப் பெரிய அளவில் ஆர்டர் கொடுக்க வேண்டும். நமக்கு அது இப்போது வேண்டாம். அச்சில்லாத ஜிப் பவுச் வாங்கி, மேலே ஸ்டிக்கர் லேபிள் ஒட்டுங்கள். நான்கு கலவைக்கும் நான்கு தனி வேலையாகக் கொடுக்காமல், ஒரே பெரிய தாளில் நான்கையும் அடுக்கி அடிக்கச் சொல்லுங்கள். அதிகம் ஓடும் கலவைக்கு அதிக இடம். விலை, தேதி, பேட்ச் எண்ணுக்கு இடம் விட்டு, அதை மட்டும் அழியாத மையில் முத்திரை போட்டுக்கொள்ளலாம். முதல் தடவை இரண்டு மாதத்துக்கு வருமளவு மட்டும் அடியுங்கள். ஆயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை என்று அச்சகத்தில் ஆசை காட்டுவார்கள். வித்தியாசம் இல்லைதான், ஆனால் ஒரு எழுத்துப் பிழை இருந்தால் ஐயாயிரமும் குப்பை.

கைப்பிடிப் பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருப்பதால், எப்படியும் துணிப்பைக்குத்தான் வர வேண்டும். நம் கடையின் நிறமே மஞ்சள்! ஒரு கிலோ வாங்குபவருக்கு மட்டும் பழுப்பு மையில் பெயர் போட்ட மஞ்சப்பை. அது சந்தைக்கும் கல்யாணத்துக்கும் போய்வரும்.

பலகையும் கடைமுகப்பும்

தமிழ்நாட்டில் கடைப் பலகை தமிழில் இருக்க வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளின் 15-ஆவது விதி. வேறு மொழியும் சேர்த்தால் தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்துக்கு மூன்று, பிற மொழிக்கு இரண்டு என்று இடம் ஒதுக்க வேண்டும். சட்டத்தை விடுங்கள். டவுன் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்ப்பவர் படிக்கப்போவதும் தமிழைத்தான்.

பலகையில் பெயர், அதன் கீழே என்ன விற்கிறது, அவ்வளவு போதும். குலதெய்வப் படம், மூன்று கைபேசி எண், 'எங்களிடம்' என்று தொடங்கும் பதினைந்து பொருள் பட்டியல் எல்லாம் ஏறினால் எதுவுமே கண்ணில் நிற்காது. சாமி படம் கல்லாவுக்கு மேலே இருக்கட்டும், அங்கேதான் அவருக்கும் மரியாதை. மேற்கு வெயில் படும் முகப்பில் பிளெக்ஸ் சீக்கிரமே வெளுக்கும். பழைய இரும்புச் சட்டத்தை வைத்துக்கொண்டு, தகட்டில் கையால் எழுதும் ஆர்ட்டிஸ்ட் உங்கள் ஊரில் இன்னும் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இனாமல் பெயின்டில் எழுதியது நிறம் நிற்கும், மங்கினால் அதன்மேலேயே திருத்தலாம், நம் பழுப்பும் மஞ்சளும் அவருக்குக் கைவந்த வேலை. பெயர் வடிவத்தை முழு அளவில் தாளில் எடுத்துக் கொடுத்தால் அப்படியே பதித்து எழுதுவார். பலகைக்கு எதிரே ஒரு எல்இடி விளக்கு. சாயங்காலம் ஏழு மணிக்கு எதிர்ச்சாரியில் நின்று பாருங்கள், படிக்க முடிகிறதா என்று.

உள்ளே செலவு பண்ண நிறைய ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். சுவருக்கு ஒரு கோட்டு சுண்ணாம்பு அடித்து, ஒட்டடை, உடைந்த ஸ்டூல், பழைய கம்பெனி போஸ்டர்கள் இவற்றை அகற்றினால் போதும். வறுக்கும் மெஷினைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைக்க முடியுமானால் அதைச் செய்யுங்கள். 'மெஷின் கடை' என்றுதானே சொன்னார்கள்.

கணக்கு

நாற்பதாயிரத்தை நான் பிரிப்பது இப்படி. பலகைக்கும் விளக்குக்கும் 14,000. லேபிள், பவுச், கவர் மூன்றுக்கும் சேர்த்து 10,000. டிசைனருக்கு 5,000. டிரேட் மார்க் 4,500. துணிப்பை 3,000. மிச்சம் 3,500 கையிருப்பு. ஏதாவது ஒன்று கட்டாயம் திரும்ப அச்சடிக்க வேண்டிவரும். கூலியும் விலையும் ஊருக்கு ஊர் மாறும், ஆகவே தொகையைவிட விகிதத்தைப் பாருங்கள். பலகைக்கு ஒரு பெருந்தொகை போய்விடுகிறது என்றால், பலகையை அடுத்த தீபாவளிக்குத் தள்ளிவையுங்கள். லேபிளையும் டிரேட் மார்க்கையும் தள்ளாதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றவும் வேண்டாம். பழைய கவர் தீரத் தீரப் புதியது வரட்டும். மாறுகிற மாதத்தில் கல்லாவில் நிற்பவர் ஒவ்வொரு வாடிக்கைக்காரரிடமும், "கவர் மட்டும்தாங்க மாறுது, பொடி அதேதான்" என்று சொல்ல வேண்டும். அப்பா சொன்னால் இன்னும் நல்லது. அந்த மாதத்தில் கொட்டை வாங்கும் இடத்தையோ கலவையையோ விலையையோ தொடாதீர்கள். கவரும் மாறி, ருசியும் ஒரு மாற்று மாறினால், "கடை கைமாறிருச்சு போல" என்ற பேச்சு தெருவுக்கு வந்துவிடும். அதைத் திரும்ப எடுக்க நாற்பதாயிரம் போதாது.

பலன் தெரிய அதே நோட்டுதான். மாற்றத்துக்கு முந்தைய மாதமும் பிந்தைய மூன்று மாதமும், புதிதாக வருகிறவர்களை ஒரு கோடு போட்டு எண்ணுங்கள். "எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?" என்று கேட்டு, பலகை, மேப், தெரிந்தவர் சொன்னது என்று மூன்று கட்டத்தில் குறியுங்கள். மேப் கட்டம் நிரம்புகிறது, பலகைக் கட்டம் காலி என்றால் அடுத்த வருடப் பணம் எங்கே போக வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். லேபிள், பலகை, பை எதுவானாலும் அச்சுக்கு அனுப்பும் முன் பிரதியை உங்கள் கடைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அதில் போட்டிருக்கும் கைபேசி எண்ணை, தாளைப் பார்த்து நீங்களே ஒருமுறை அழுத்தி, மணி அடிப்பது உங்கள் கடைப் போனில்தானா என்று பாருங்கள். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.